ஹார்ட் ஃபெயிலியர் இருக்குறவங்க எக்சர்சைஸ் செய்யலாமா? நம்ம செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடு வீடாப் போயி ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்டுகளுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்குற பிசியோதெரபிஸ்ட் நான். ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் நின்னுபோறது இல்ல, உடம்புக்கு வேண்டிய ரத்தத்த அதால சரியாத் தள்ள முடியாத நிலைமை. போற இடத்துல எல்லாம் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள ஒரே இடத்துல எழுதிப் போட்டுருக்கேன். பேஷண்ட் மட்டும் படிச்சா பத்தாது, மகன், மகள், மருமகள், கூடமாட இருக்குறவங்க எல்லாரும் படிங்க, ஏன்னா பாதி வீட்ல பேஷண்ட நடக்கவிடாம தடுக்குறதே நீங்கதான். மாத்திரை மாத்துறது, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்குறது எல்லாம் உங்க கார்டியாலஜிஸ்ட் சொல்றபடி, அதுல நான் தலையிடல.

எங்க அப்பச்சிக்கு எக்கோல இ.எஃப் (ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் தனக்குள்ள இருக்குற ரத்தத்துல எத்தனை சதவீதத்த வெளிய தள்ளுதுங்குற கணக்கு) 30-னு வந்துருச்சு. வீட்ல எல்லாரும் "அசையாதீக, படுத்துக்கங்க"ன்னு சொல்றோம். அது சரிதானே?

சரி இல்ல. கால் வீக்கம் வடிஞ்சு, மூச்சு சீராகி, மாத்திரை டோஸ் ஒரு நிலைக்கு வந்து, டாக்டரும் ஸ்டேபிளா இருக்காருன்னு சொல்லிட்டா அப்பச்சி நடந்தே ஆகணும். உங்கமேல குத்தம் சொல்ல வரல, ஏன்னா 1970கள் வரைக்கும் டாக்டர்களே இந்த நோய்க்கு ரெஸ்ட்டுன்னுதான் எழுதிக் குடுத்தாங்க, அந்தப் பேச்சு இன்னும் ஊர்ல ஓடிக்கிட்டு இருக்கு. 1988ல அமெரிக்காவுல டியூக் யூனிவர்சிட்டில சல்லிவன்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் கொஞ்சம் பேஷண்டுகள மட்டும் எடுத்து சில மாசம் டிரெய்னிங் குடுத்துப் பாத்தாங்க, அவங்க உடம்பு ஆக்சிஜன உபயோகிக்கிற அளவு நல்லாவே கூடிச்சு. அதுக்கப்புறம் ஆராய்ச்சி மேல ஆராய்ச்சி வந்து, இப்ப 2021 ஐரோப்பிய கைட்லைன், 2022 அமெரிக்க கைட்லைன் ரெண்டுலயும் முடிஞ்ச எல்லா பேஷண்டுக்கும் எக்சர்சைஸ் வேணும்னு முதல் தர பரிந்துரையாவே போட்டுட்டாங்க. படுக்க வச்சுப் பாத்துக்குறது பாசம்தான், ஆனா ஒரு வாரம் படுத்தாலே தொடைச் சதை இளைக்க ஆரம்பிக்கும், அப்புறம் பாத்ரூம் வரைக்கும் போறதே மலையாத் தெரியும், அதப் பாத்துட்டு வீட்ல "பாத்தியா, ரொம்ப முடியல"ன்னு இன்னும் படுக்க வைப்பீங்க, அவரு இன்னும் இளைப்பாரு.

இதயமே வீக்கா இருக்கு, அதப்போயி வேலை வாங்குனா இன்னும் கெட்டுப்போகாதா?

எல்லாரும் பயப்படுறது இதுக்குத்தான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். மூச்சு வாங்குறதுக்கும் அசதிக்கும் இதயம் மட்டும் காரணம் இல்ல. ரத்த ஓட்டம் கொறைஞ்சு, உக்காந்தே இருக்க இருக்க கால் தசை மாறிப்போயிடுது: சதை கொறையுது, அதுக்குள்ள இருக்குற பொடி ரத்தக்குழாய்கள் கொறையுது, ஆக்சிஜன எரிச்சு சக்தியாக்குற மைட்டோகாண்ட்ரியாவும் கொறையுது. அப்புறம் நாலு எட்டு வச்சாலே அந்தத் தசை களைச்சுப்போயி மூளைக்கு சிக்னல் அனுப்பும், மூளை மூச்ச வேகமாக்கும், படபடப்ப ஏத்தும்.

எக்சர்சைஸ் செஞ்சா மொதல்ல மாறுறது இந்தக் கால் தசைதான். அடுத்தது ரத்தக்குழாய். குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒண்ண சுரந்து குழாய விரிக்கணும், ஹார்ட் ஃபெயிலியர்ல அது மந்தமாயிடும், தவறாம நடந்தா திரும்ப சுரக்கும், குழாய் இளகும். வீட்டு மோட்டார் பழசானாலும் மேல போற பைப்ப சுத்தம் பண்ணுனா டேங்குல தண்ணி ஏறும்ல, அந்த மாதிரி இதயம் அப்படியே இருந்தாலும் அது தள்ள வேண்டிய பாரம் கொறையுது. கூடவே எந்நேரமும் உசுப்பிவிட்ட மாதிரி இருக்குற நரம்பு மண்டலமும் அடங்கும், ராத்திரி தூக்கம் வரும்.

அப்ப இ.எஃப் ஏறிடுமா?

பெருசா ஏறாது. 2007ல பல ஆராய்ச்சிகளச் சேத்துப் பாத்ததுல நடை, சைக்கிள் மாதிரி பயிற்சியால ஏறுனது சராசரியா 2.6 பாயிண்ட்தான். அதனால மூணு மாசம் நடந்துட்டு எக்கோ எடுத்து "அதே 30 தானே இருக்கு"ன்னு விட்டுறாதீங்க. மாடி ஏறும்போது எத்தனை தடவ நிக்கிறீங்க, குளிச்சுட்டு வந்து துவட்டும்போது மூச்சு வாங்குதா, கோயில்ல பிரகாரம் சுத்த முடியுதா, இதப் பாருங்க. இ.எஃப் நம்பர் 25 வச்சுக்கிட்டு கடைத்தெரு போயிட்டு வர்றவங்களும் இருக்காங்க, 40 வச்சுக்கிட்டு திண்ணைய விட்டு இறங்காதவங்களும் இருக்காங்க.

இதுக்கு உண்மையான ஆதாரம் இருக்கா, இல்ல எல்லாரும் சொல்றதயே நீங்களும் சொல்றீகளா?

இருக்கு, ஆனா கூட்டிச் சொல்லக்கூடாது, உள்ளத உள்ளபடி சொல்றேன். இதுலயே பெரிய ஆராய்ச்சி ஹெச்.எஃப்-ஆக்‌ஷன், 2009ல வந்துச்சு. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ்ல 2331 பேரு, எல்லாரும் இ.எஃப் 35 இல்ல அதுக்கும் கீழ. பாதிப்பேருக்கு டிரெய்னிங், பாதிப்பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும், சராசரியா ரெண்டரை வருசம் பாத்தாங்க. முதல்ல போட்ட கணக்குல சாவும் அட்மிஷனும் சேந்து கொறைஞ்சது புள்ளிவிவரப்படி உறுதியா நிக்கல. நோயோட தீவிரத்த எல்லாம் கணக்குல எடுத்துட்டுப் பாத்தப்ப 11 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு. இவ்வளவு வீக்கான இதயத்தோட இத்தனை பேரு செஞ்சும் பாதுகாப்பாத்தான் இருந்துச்சு, எனக்கு அதுதான் பெரிய சேதி. அதே ஆராய்ச்சில மனச்சோர்வும் ஓரளவு கொறைஞ்சதா 2012ல தனியா எழுதுனாங்க. இன்னொரு விசயம், டிரெய்னிங் குரூப்ல சேந்தவங்கள்லயே நிறையப் பேரு வீட்டுக்குப் போனதும் சொன்ன அளவு செய்யல, விடாம ஓரளவுக்கு செஞ்சவங்களுக்குப் பலன் கூடத் தெரிஞ்சுச்சு.

2019ல காக்ரேன்னு, மருத்துவ ஆராய்ச்சிகளச் சேத்து அலசிப் பாக்குற ஒரு அமைப்போட தொகுப்பு வந்துச்சு, 44 ஆராய்ச்சி, 5783 பேரு. ஒரு வருசத்துக்குள்ள உயிரிழப்புல வித்தியாசம் இல்ல, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுறது கொறைஞ்சுச்சு, அன்னாட வாழ்க்கை மேம்பட்டுச்சு. எக்சர்சைஸ் செஞ்சா ஆயுசு இத்தனை வருசம் கூடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ராத்திரி மூச்சுத் திணறி 108க்கு போன் போட்டு அட்மிட் ஆகுற நிலைமைய கொறைக்கும், இத நம்பலாம்.

யாரு இப்போதைக்கு ஆரம்பிக்கக் கூடாது?

உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறவங்க, ஆஸ்பத்திரில இருந்து வந்தும் இன்னும் நீர் வடியாதவங்க, நெஞ்சுவலி புதுசா வர்றவங்க இல்ல கூடிக்கிட்டே போறவங்க, அயோர்ட்டிக் வால்வு (இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் வெளிய போற வால்வு) ரொம்ப சுருங்கி அதனால மயக்கமோ நெஞ்சுவலியோ வர்றவங்க, துடிப்பு கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, இதயத் தசைல இன்ஃபெக்‌ஷன் வந்து இன்னும் ஆறாதவங்க. காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்குற நாள்ல யாருமே வேணாம். இதெல்லாம் சரியானதும் டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிக்கலாம், வாழ்நாள் பூரா தடை இல்ல. முதல்ல ஒரு தடவை கார்டியாலஜிஸ்ட் பாத்து, முடிஞ்சா டிரெட்மில்லோ ஆறு நிமிச நடை டெஸ்ட்டோ எடுத்துட்டு ஆரம்பிக்கிறது நல்லது.

ஆறு நிமிச நடைன்னா என்ன? வீட்ல பாக்கலாமா?

30 மீட்டர் நேர்ப்பாதைல ஆறு நிமிசத்துல எவ்வளவு தூரம் போறீங்கன்னு அளக்குறது, அவ்வளவுதான். களைச்சா நிக்கலாம், சுவத்துல சாயலாம், கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். 300 மீட்டருக்குக் கீழ வந்தா ரொம்பப் பலவீனமா இருக்கீங்கன்னு எடுத்துக்குவோம். முதல் தடவ ஆள் கூட இல்லாம செய்யாதீங்க. மத்த ஊர்ல இதுக்கு இடம் தேடணும், நம்ம பக்கம் ஒரு தெருவுல வாசலும் அடுத்த தெருவுல கொல்லையுமா கட்டுன பழைய வீடுங்கள்ல உள்ளயே அளந்துரலாம்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சிக்கு அப்படித்தான் செஞ்சோம். முகப்புல ஒரு மர ஸ்டூலு, ரெண்டாங்கட்டு வாசல்ல ஒரு ஸ்டூலு, நடுவுல வளவ (நடு முற்றத்த) தாண்டி நடந்தாங்க. முதல் சுத்துலயே பாதில நின்னு தூணப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குனாங்க, மக ஓடிவந்து "போதும் ஆத்தா, உக்காரு"ன்னுச்சு, நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னேன், அரை நிமிசத்துல மூச்சு இறங்குச்சு, அவங்களே "இன்னும் நேரம் இருக்காப்பா"ன்னு கேட்டுட்டு நடந்தாங்க. அப்புறம் எந்தத் தூண்ல முதல்ல நிக்கிறாங்கன்னுதான் அந்த வீட்ல எல்லாரும் பாக்க ஆரம்பிச்சாங்க, மலேசியாவுல இருக்குற பேரன் வரைக்கும் போன்ல "ஆயா, இன்னைக்கு எந்தத் தூணு"ன்னு கேப்பான். அந்த வீட்டுக்கு எக்கோ ரிப்போர்ட்டவிட அதுதான் நல்லாப் புரிஞ்சுச்சு.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க.

முதல் வாரம் அஞ்சு நிமிசம், ஒரு நாளைக்கு ரெண்டு இல்ல மூணு தடவ. அதுவும் முடியலன்னா மூணு நிமிசம். ஒரே மூச்சுல இருபது நிமிசம் நடந்து காட்டணும்னு எந்த அவசியமும் இல்ல. சௌகரியமா இருந்தா சில நாளைக்கு ஒரு தடவ ஒண்ணு ரெண்டு நிமிசம் கூட்டுங்க. நேரத்த முதல்ல கூட்டணும், வேகத்த அப்புறம். மூணு மாசத்துல 30 நிமிசம், வாரத்துல அஞ்சு நாள், இதுக்கு வந்தாப் போதும், அதையும் ரெண்டு பதினஞ்சு நிமிசமாப் பிரிச்சுக்கலாம்.

ஆரம்பிக்கும்போது பத்து நிமிசம் மெதுவா நடந்து உடம்ப சூடாக்குங்க. முடிக்கும்போது டக்குனு நிக்காதீங்க, இத யாரும் மதிக்கிறதே இல்ல. வேகமா நடந்துட்டு சட்டுனு நின்னா ரத்தம் காலுலயே தங்கிடும், பிரஷர் விழும், ஏற்கனவே பிரஷர் கொறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு தலை சுத்தும். அதனால கடைசி பத்து நிமிசம் வேகத்தக் கொறைச்சுக் கொறைச்சு வாங்க. தொடக்கத்துல மொத்த நடையே அஞ்சு நிமிசம்தான்னா முழுக்க மெதுவான நடையே போதும்.

சாப்பிட்டதும் கிளம்பாதீங்க, ஒண்ணரை ரெண்டு மணி நேரம் போகட்டும். ஒரு நாள் நல்லா இருக்குன்னு டபுளா நடந்துட்டு மறுநாள் முழுக்கப் படுக்குறது வேணாம், மறுநாளும் அசதி நீடிச்சா முந்தின நாள் அளவு அதிகம்னு அர்த்தம், பழைய அளவுக்கு இறங்கிக்கங்க. ரெண்டு வாரம் ஜுரத்துல படுத்துட்டு எந்திரிச்சா விட்ட இடத்துல இருந்து தொடங்கக் கூடாது, பாதில இருந்து தொடங்குங்க.

எவ்வளவு வேகம்? வாட்ச்ல பல்ஸ் பாத்தாப் போதுமா?

பல்ஸ மட்டும் நம்ப முடியாது. உங்கள்ல முக்கால்வாசிப் பேரு பீட்டா பிளாக்கர் சாப்பிடுறீங்க, மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் இந்த மாதிரி, அது துடிப்ப ஏறவிடாது. 220ல இருந்து வயச கழிக்கிற கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு ஒழுங்கில்லாம அடிக்கிற கோளாறு) இருக்குறவங்களுக்கு வாட்ச் காட்டுற நம்பரே தாறுமாறா இருக்கும்.

பேசிப் பாக்குறதுதான் லேசான வழி. பக்கத்துல வர்றவங்ககிட்ட ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியணும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு கொஞ்சம் கூடியிருக்கணும். ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு எடுக்க வேண்டியிருந்தா வேகம் ஜாஸ்தி. ஸ்வீடன்ல குன்னர் போர்க்னு ஒருத்தர் 6ல இருந்து 20 வரைக்கும் ஒரு அளவுகோல் போட்டு வச்சாரு, 6ன்னா சும்மா இருக்குறது, 20ன்னா உசுரே போற மாதிரி கஷ்டம். நாம 11ல இருந்து 13, 14க்குள்ள நிக்கணும், "லேசா இருக்கு"ங்குறதுக்கும் "கொஞ்சம் கஷ்டம்"ங்குறதுக்கும் நடுவுல.

வேகமா ஓடி நின்னு ஓடுற ஹெச்.ஐ.ஐ.டி பத்தி யூடியூப் பாத்துட்டு கேக்குறாங்க. 2007ல நார்வேல 27 பேர வச்சுப் பாத்ததுல பிரமாதமா வந்துச்சு, ஆனா 2017ல ஐரோப்பாவுல பெருசாச் செஞ்சப்ப சாதாரண நடையவிட மேல ஒண்ணும் தெரியல. அதனால வீட்ல தனியா அத முயற்சி பண்ணாதீங்க.

நம்ம ஊரு வெயில்ல எங்க, எப்ப நடக்குறது?

காலைல ஆறுல இருந்து ஏழரைக்குள்ள, இல்ல சாயங்காலம் வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம். சித்திரை வைகாசில வெளிய போகவே வேணாம், வளவுலயும் பட்டாசாலைலயும் சுத்துனாப் போதும், சுண்ணாம்புச் சுவரு, உசந்த கூரைனால உள்ள குளுமையாத்தான் இருக்கும். ஆத்தங்குடிக் கல்லு ஈரமா இருந்தா வழுக்கும், வீடு துடைச்ச உடனே நடக்காதீங்க. சுகர் இருந்து பாதம் மரத்துப்போனவங்க வீட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுத்தான் நடக்கணும், "வீட்டுக்குள்ள செருப்பா"ன்னு பெரியவங்க முகஞ்சுளிப்பாங்க, வீட்டுக்குன்னே தனியா ஒரு ஜோடி வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க.

வெளிய நடக்குறவங்களுக்கு ஊருணிக் கரை நல்ல இடம், மேடு பள்ளம் கொறச்சல், நாலு பேரு கண்ல படுவீங்க. அரசாங்கம் 2023ல மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைன்னு ஆரம்பிச்சதப் பாத்துட்டு "நானும் எட்டு நடக்கணுமா"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. வேணாம்ணே, அது பொதுவா எல்லாருக்கும் போட்டது.

நீர் மாத்திரை சாப்பிட்டுட்டு நடக்கலாமா? ரெண்டு எட்டு வச்சா யூரின் வருதே.

லாசிக்ஸ், டைட்டார் மாதிரி மாத்திரை சாப்பிட்டு முதல் ஒரு சில மணி நேரம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அதனால எந்திரிச்சு நடந்துட்டு வந்து மாத்திரை சாப்பிடுற மாதிரி வச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நிறையப் பேருக்கு சரின்னுதான் சொல்றாங்க. நடக்கணுமேன்னு மாத்திரைய முழுங்காம விட்டுறாதீங்க, அப்படி விட்டுட்டு கல்யாண வீட்டுக்குப் போயி மறுநாள் அட்மிட் ஆனவங்க உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுறவங்களுக்கும் நீர் கூடுதலா இறங்கும், வெயில்ல வேர்த்தா பிரஷர் இறங்கி கிறுகிறுக்கும், அப்ப உடனே உக்காருங்க.

நடக்க ஆரம்பிச்சதுல முட்டி வலிக்குது. மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை போட்டுக்கலாமா?

தயவுசெஞ்சு வேணாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இதெல்லாம் உப்பையும் நீரையும் உடம்புல தேக்கி, கிட்னிய பாதிச்சு, ஹார்ட் ஃபெயிலியர கெடுக்கும். நடையால கெட்டுப்போச்சுன்னு வர்றவங்ககிட்ட துருவிக் கேட்டா பின்னாடி இந்த மாத்திரைதான் இருக்கும். பாராசிட்டமால் போதுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. முட்டிவலி ஜாஸ்தியா இருந்தா நடைக்குப் பதிலா ஒரே இடத்துல நிக்கிற சைக்கிள் மிதிங்க, இல்ல சேர்ல உக்காந்தே கால் நீட்டி மடக்குங்க.

வெயிட் தூக்குற எக்சர்சைஸ் செய்யலாமா?

செய்யலாம், செய்யணும், ஏன்னா இளைச்ச சதைய நடை மட்டும் திருப்பிக் கொண்டுவராது. ஜிம்முக்குப் போக வேணாம். கை இல்லாத நாற்காலில உக்காந்து கையால ஊணாம எந்திரிச்சு உக்காருங்க, பத்து தடவ. செவுத்தப் புடிச்சு குதிகால உசத்தி இறக்குங்க. அரை லிட்டர் தண்ணி பாட்டில கையில வச்சு முழங்கைய மடக்கி நீட்டுங்க. வாரத்துல ரெண்டு நாள், நடுவுல ஒரு நாளாச்சும் விட்டு, 10ல இருந்து 15 தடவ. மூச்ச அடக்கி முக்காதீங்க, தூக்கும்போது மூச்ச விடுங்க, வாய்விட்டு எண்ணிக்கிட்டே செஞ்சா மூச்சு தானா வெளிய வரும். நெறஞ்ச குடம், சிலிண்டர், அரிசி மூட்டை, இறுகிப்போன ஜன்னல தள்ளுறது, இதுலதான் நம்மளே அறியாம மூச்சு அடங்கும், அதுக்கெல்லாம் வேற ஆளக் கூப்பிடுங்க.

எக்கோல இ.எஃப் 60, நல்லா இருக்குன்னாங்க, ஆனா எங்க ஆச்சிக்கு மூச்சு வாங்குதே?

இ.எஃப் 50க்கு மேல இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வரும். இதயம் சுருங்குறது நல்லா இருக்கும், விரியுறப்போ தளராம விறைப்பா நிக்கும். பல வருசமா பிரஷர், சுகர், உடல் பருமன் உள்ள வயசான பொம்பளைங்ககிட்ட இது அதிகம். "ரிப்போர்ட் நார்மல், சும்மா சொல்றாங்க"ன்னு அவங்கள ஒதுக்காதீங்க. இவங்களுக்கும் நடை நல்லா வேலை செய்யும், நடக்குற திறன் நல்லாவே கூடுறத ஆராய்ச்சில பாத்துருக்காங்க.

ரொம்ப வயசாகி இப்பத்தான் ஆஸ்பத்திரில இருந்து வந்தவங்களுக்கு நேரா நடைல இறக்காம, முதல்ல நிலையா நிக்கிறது, சேர்ல இருந்து எந்திரிக்கிறது, கால் பலம், இதுல தொடங்கணும். 2021ல அமெரிக்காவுல வந்த ரீஹேப்-ஹெச்.எஃப் ஆராய்ச்சில 349 பேர்ல பாதிப்பேருக்கு இப்படி ஆஸ்பத்திரில இருக்கும்போதே ஆரம்பிச்சு, உடம்போட செயல்திறன் தெளிவாக் கூடுனதக் காட்டுனாங்க.

குன்றக்குடி மலை ஏறலாமா? தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகணும்னு நேர்த்தி இருக்கு.

படி ஏறுறது நடையவிட ரொம்பக் கூடுதல் வேலை. சமதளத்துல அரை மணி நேரம் பேசிக்கிட்டே நடக்க முடிஞ்சு, வீட்டு மாடி ஒரு தடவ நிக்காம ஏற முடிஞ்சா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, கூட ஆளோட, கூட்டம் இல்லாத நாள்ல, பத்துப் பத்துப் படியா நின்னு நின்னு போகலாம். பிள்ளையார்பட்டிக்கு இந்த யோசனையே வேணாம், தாராளமாப் போயிட்டு வாங்க, விசேச நாள் நெரிசல்ல மட்டும் நிக்காதீங்க.

பாதயாத்திரை வேற கதை. குன்றக்குடில கிளம்பி சிங்கம்புணரி, திண்டுக்கல் தாண்டி நாள் கணக்குல நடக்குறது. தூக்கம் முன்னப் பின்ன, போற வழில குடுக்குற சாப்பாட்டுல உப்பு எவ்வளவுன்னு தெரியாது, யூரின் போக இடம் இல்லன்னு நீர் மாத்திரைய நிறுத்துவாங்க, கால் வீங்குனா நடந்ததுனாலன்னு நெனச்சுக்குவாங்க. தலைமுறை தலைமுறையா அப்பச்சி, ஐயா எல்லாம் காவடி எடுத்து நடந்த வழி, விட மனசு வராது, எனக்கும் அது புரியுது. இருந்தாலும் முழு யாத்திரை வேணாம்னுதான் சொல்லுவேன். காவடியோட ஊர் எல்லை வரைக்கும் நடந்து வழியனுப்பிட்டு, பழனிக்குக் கார்ல போயி, மேல வின்ச்லயோ ரோப் கார்லயோ போயி தரிசனம் பண்ணுன பெரியவங்க இருக்காங்க, முருகன் அதுல கொறை காணமாட்டாரு.

உப்புக்கண்டம், வத்தல், ஊறுகாய் எல்லாம் விடணுமா?

ஆமா, உப்புக்கண்டத்த விட்டுருங்க. மொத்தமா ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் அளவு, குழம்பு, இட்லி மாவு, மிக்சர் எல்லாம் சேத்து. கடைல விக்கிற சோடியம் கம்மி உப்புல பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், சாக்குபிட்ரில் மாதிரி மாத்திரையோட சேந்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி ஆபத்தாகும், டாக்டரக் கேக்காம வாங்காதீங்க. தண்ணி அளவு ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்குச் சொன்னத நீங்க பாருங்க.

யோகா, பிராணாயாமம்?

மெதுவான மூச்சுப் பயிற்சி நல்லது. 1998ல இத்தாலில பெர்னார்டின்னு ஒரு டாக்டர் குழு, நிமிசத்துக்கு ஆறு மூச்சா இழுத்து விடச் சொன்னா இந்தப் பேஷண்டுகளுக்கு ஆக்சிஜன் அளவு கூடுறதப் பாத்துச்சு. மூச்ச அடக்குற கும்பகம், வேகமா அடிக்கிற கபாலபாதி, பஸ்திரிகா, தலைகீழா நிக்கிற ஆசனம், இதெல்லாம் வேணாம். மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுறவங்க சவாசனத்தக் கூட சேர்ல சாஞ்சுக்கிட்டு செய்யுங்க.

பேஸ்மேக்கர், ஐ.சி.டி (துடிப்பு ஆபத்தாப் போனா ஷாக் குடுத்து சரிபண்ற கருவி) வச்சிருக்கேன்.

நடக்கலாம். வச்ச புதுசுல நாலுல இருந்து ஆறு வாரம் அந்தப் பக்கக் கைய தோளுக்கு மேல தூக்காதீங்க, ஆனா கைய அசைக்காமலே தொங்கவிடவும் வேணாம், தோள் இறுகிடும். ஐ.சி.டி எந்தத் துடிப்புல ஷாக் குடுக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க, எக்சர்சைஸ்ல துடிப்பு அதுக்கு 10, 20 கீழயே நிக்கணும்.

பிள்ளைங்க எல்லாம் சென்னை, சிங்கப்பூர். நான் தனியா இருக்கேன், எப்படி?

நம்ம ஊர்ல பாதி வீடு இப்படித்தான். இதுக்குன்னு பெரிய சென்டருக்கு வாரம் மூணு தடவ மதுரை போயிட்டு வர எல்லாராலயும் முடியாது. வீட்லயே செய்யலாம், 2019ல இங்கிலாந்துல ரீச்-ஹெச்.எஃப்னு 216 பேர வச்சு வீட்லயே செஞ்ச புரோகிராம்ல வாழ்க்கைத் தரம் மேம்பட்டத எழுதியிருக்காங்க. தினமும் ஒரே நேரத்துல நடங்க, பக்கத்து வீட்டு ஆச்சிக்கோ அண்ணனுக்கோ அந்த நேரம் தெரிஞ்சிருக்கணும். போன் சட்டைப் பைல இருக்கட்டும். பிள்ளைங்க போன் பண்ணும்போது "சாப்டீங்களா"ங்குறதோட "இன்னைக்கு வெயிட் எவ்வளவு, எவ்வளவு நேரம் நடந்தீங்க"ன்னும் கேளுங்கப்பா. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வந்து பிசியோதெரபி குடுக்குறதும் உண்டு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க, நடமாட முடியாதவங்களுக்கு ரொம்ப உதவும்.

எப்ப நிறுத்தணும், எப்ப டாக்டருக்குப் போன் பண்ணணும்?

நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், கண்ணு இருட்டிக்கிட்டு வர்றது, துடிப்பு தாறுமாறா அடிக்கிறது, உக்காந்தும் இறங்காத மூச்சு, இதுல எது வந்தாலும் நிறுத்தி உக்காருங்க. கொஞ்ச நேரத்துல அடங்கலன்னா 108.

தினமும் காலைல யூரின் போயிட்டு, காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணில வெயிட் பாத்து காலண்டர்ல எழுதுங்க. மூணு நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறுனா அது சதை இல்ல, நீரு. அன்னைக்கு நடைய நிறுத்திட்டு டாக்டர்கிட்ட பேசுங்க. கணுக்காலுக்கு மேல முன் எலும்புமேல கட்டைவிரல வச்சு கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்துப் பாருங்க, குழி அப்படியே நின்னா நீர் சேந்துருக்கு. ராத்திரி ரெண்டு தலகாணி மூணாகுறது, படுத்தா வர்ற வறட்டு இருமல், சட்டுனு முழிச்சு ஜன்னல் பக்கம் ஓடுறது, இதுவும் அதே கணக்குதான். செவ்வாக்கிழமை, அமாவாசைன்னு பாத்துக்கிட்டு ஆஸ்பத்திரி போறதத் தள்ளிப் போடாதீங்க.

எத்தனை நாள்ல வித்தியாசம் தெரியும்? எப்ப நிறுத்தலாம்?

ஒரு மாசத்துல லேசாத் தெரியும், மூணு மாசத்துல நல்லாத் தெரியும். நிறுத்துறதுங்குற பேச்சுக்கே இடம் இல்ல, விட்டா சில வாரத்துலயே சேத்த பலன் இறங்க ஆரம்பிக்கும். மழைக்காலத்துலயும் கல்யாணம் காட்சி வர்ற மாசத்துலயும்தான் நிறையப் பேரு விட்டுடுறாங்க, அந்த நாள்ல பத்து நிமிசம் வளவச் சுத்துனாலும் கணக்குல சேரும். அடுத்த தடவ டாக்டர்கிட்ட போகும்போது வெயிட் எழுதுன காலண்டரையும், நடந்த நேரம் எழுதுன நோட்டையும், சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, அதப் பாத்துட்டு டோஸ் மாத்துறது அவங்களுக்கு ரொம்ப சுலபமா இருக்கும்.